மஞ்சள் துணியும் வெள்ளைக் கோடும்

மகன் மூன்றாம் தரமும் சோறு கேட்ட அன்று என் மனைவி சமையலறைக்குள் போய் இரகசியமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இருபது வயதுவரை தட்டில் இருக்கும் சோற்றை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குத் தள்ளிவிட்டு எழும்பிப் போன பிள்ளை அவன். பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் இரண்டாம் வருடம். படிப்புச் சூட்டில் பசி திறந்துவிட்டது என்று நாங்களே தீர்மானித்துக்கொண்டோம். ஆட்டிறைச்சி இரண்டு பங்கு வாங்கினேன். காலையில் ஆறு முட்டை அவித்தோம். புட்டுக்குழல் ஒன்று போதாமல் மனைவி இன்னொன்று வாங்கினாள். நான்கு மாதத்தில் கழுத்துத் தெரியாத அளவுக்கு ஆள் தடித்துவிட்டான். சுவிஸில் நாங்கள் இருக்கும் டீட்டிகோன் ரயில் நிலையத்தில் கண்ட தமிழர்கள் எல்லோரும், "இப்பதான் பிள்ளை பிள்ளை மாதிரி இருக்கு" என்று வாழ்த்தினார்கள்.

காரணம் குளியலறையில் வெளிப்பட்டது. பல் துலக்கும் கோப்பைக்குள் ஒரு வரிசைப் பல் கிடந்தது.

நான் போட்ட சத்தத்தில் மனைவி ஓடிவந்தாள். அவள் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறவள். கோப்பைக்குள் பல் கிடப்பது அவளுக்குத் தினசரிக் காட்சி. எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது பல்லில்லையப்பா. பல்லுக்குப் போடுற ரப்பர் உறை."

"பல்லுக்கு ஏன் உறை?"

"அதைப் போடுறவனிட்டைக் கேளுங்கோ."

கேட்டோம். பல்கலைக்கழக மாணவர்களின் அமெரிக்கன் ஃபுட்போல் அணியில் சேர்ந்திருக்கிறானாம். வசந்தத்தில் தொடங்கிக் கோடையில் முடியும் ஒரு பருவம் முழுக்க விளையாடப் போகிறானாம். பயிற்றுநர்தான் நிறையைக் கூட்டச் சொன்னாராம். அதாவது அவ்வளவு முட்டையையும் ஆட்டையும் நாங்கள் ஒரு மோதலுக்காகவே அவித்துக் கொடுத்திருக்கிறோம். நான் விளங்காமல் விழித்ததைப் பார்த்து, கைத்தொலைபேசியில் ஒரு நிமிடக் காணொளி காட்டினான். அந்த ஒரு நிமிடத்திலிருந்து நான் இன்னும் முழுதாக வெளியே வரவில்லை.

நான் ஏன் இப்படி என்பதைச் சொல்லிவிட வேண்டும். யாழ்ப்பாணத்தில் இரண்டு வருடம் கணிதம் படித்துவிட்டு, அகதியாக இங்கே வந்து, பெரிய களஞ்சியமொன்றில் பெட்டி தூக்கத் தொடங்கியவன் நான். இப்போது அதே இடத்தில் பாதுகாப்புப் பொறுப்பாளர். பாரம் தூக்கும் வண்டிகள் ஓடும் பாதையில் கோடு அடிப்பதும், ஆட்கள் ஹெல்மெட் போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பதும் என் வேலை. திங்கட்கிழமைதோறும் புதியவர்களுக்குப் பத்து நிமிடம் வகுப்பு எடுப்பேன். அந்த வகுப்பின் சாரம் இரண்டு வரி: ஓடக்கூடாது. கோட்டைத் தாண்டக்கூடாது.

எங்கள் களஞ்சியத்தில் ஹெல்மெட் போடுவது மேலேயிருந்து ஏதாவது விழலாம் என்பதற்காக. மகனின் அணியில் ஹெல்மெட் போடுவது, தாங்களே போய் ஒருவர்மேல் ஒருவர் விழுவதற்காக.

முதல் ஆட்டத்துக்கு மனைவியோடு போனேன். மகன் முன்வரிசையில் நிற்பவன். ஆட்டம் தொடங்கும் ஒவ்வொரு தடவையும் எதிரே நிற்கும் ஒரு அலுமாரியோடு மோதித் தள்ளுவான். ஒரு மணி நேரமாகப் பந்தைத் தொடவேயில்லை. இடைவேளையில் வேலிக்கரையில் கூப்பிட்டுக் கேட்டேன்.

"உனக்கு ஏன் தம்பி ஒருத்தரும் பந்து தருகினம் இல்லை? கறுப்பன் எண்டோ?"

"ஐயோ அப்பா, என்ர வேலை அதில்லை. பந்து வச்சிருக்கிறவனை மற்றவங்கள் அடிக்காமல் பாக்கிறதுதான் என்ர வேலை."

"அப்ப நீ பாதுகாப்புப் பொறுப்பாளர்."

"ஓம், அப்படி வச்சுக்கொள்ளுங்கோ."

ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. இடைவேளை முடிந்து சிறிது நேரத்தில், பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு குவியலாக விழுந்தார்கள். மேலே இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழும்பினார்கள். அடியில் எங்கள் மகனின் இலக்கம் தெரிந்தது. அவன் எழும்பவில்லை. பிறகுதான் தெரிந்தது, அவன் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். ஆனால் அதற்குள் நான் மைதானத்தின் நடுவில் நின்றேன். எப்படிப் போனேன் என்று தெரியாது. மனைவியின் கைப்பை என் கையில் இருந்தது.

என் காலடியில் ஒரு மஞ்சள் துணி வந்து விழுந்தது. நடுவர் தவறவிட்டுவிட்டார் என்று நினைத்துக் குனிந்து எடுத்து, தூசு தட்டி, "உங்களுடையது விழுந்துவிட்டது" என்று மரியாதையாகக் கொடுத்தேன்.

அது தவறவிட்ட துணி அல்ல. இந்த விளையாட்டில் நடுவர்கள் ஒரு நுனியில் பாரம் வைத்த மஞ்சள் துணியை இடுப்பில் செருகியிருப்பார்கள். விதி மீறினால் அதை எடுத்து எறிவார்கள். அது என்னைப் பார்த்து எறியப்பட்டது. மகனின் அணிக்குப் பதினைந்து யார், அதாவது பதினைந்து கெஜம், பின்னே தள்ளும் தண்டனை.

வீட்டுக்கு வரும் வழியில் மகன் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. சுவிஸ்காரர் மாதிரி அமைதியாகக் கதைத்தான்.

"அப்பா, ஒரு வெள்ளைக் கோடு இருக்கு, கண்டனீங்களோ?"

"கண்டனான்."

"இன்னொருக்கா அதைத் தாண்டினால் நீங்கள் மட்சுக்கு வரக்கூடாது. ஒரு மட்சுக்கும். நான் பகிடிக்குச் சொல்லேல்லை."

"நீ செத்துக் கிடந்தாலும்?"

"செத்தால் ரெஃபரி கூப்பிடுவார். அப்ப வாங்கோ."

வாக்குக் கொடுத்தேன்.

அடுத்த ஆட்டம் வேறு ஊரில். ஒரு பரீட்சையாக வீட்டில் இருந்து பார்ப்போம் என்று இருந்தேன். அன்று எங்கள் கட்டடத்தின் பொது அறையில் உடுப்புத் துவைக்கும் முறையும் எங்களுடையது. ஏற்கெனவே துவைத்த திரைச்சீலைகளைத் திரும்பத் துவைத்தேன். இயந்திரம் சுழன்று சுழன்று அடிக்கும் சத்தத்தில் எனக்கு அந்தக் குவியல்தான் கேட்டது. மைதானத்தில் நின்றால் மகன் ஒரு தடவை விழுவதை ஒரு தடவைதான் பார்ப்பேன். துவைக்கும் அறையில் அவன் நிமிடத்துக்கு ஒரு தடவை விழுந்தான். ஆட்டம் முடிந்ததும் அவனிடமிருந்து பெருவிரல் உயர்த்திய பொம்மைக் கை ஒன்று கைத்தொலைபேசிக்கு வந்தது. அந்த விரலைப் பெரிதாக்கிப் பார்த்தேன், வீக்கம் இருக்கிறதா என்று.

"அது படமப்பா" என்றாள் மனைவி.

அன்றைக்கே விளங்கிவிட்டது. பார்ப்பது எனக்குக் கொடுமை. பார்க்காமல் இருப்பது அதைவிடக் கொடுமை. இனி அந்த வெள்ளைக் கோட்டை மட்டும் தாண்டிவிடக்கூடாது.

அந்த அணிக்குப் பணவசதி குறைவு, ஆள்வசதி அதைவிடக் குறைவு. சொந்த மைதானத்தில் நடக்கும் ஆட்டங்களுக்குச் சங்கிலி பிடிக்கப் பெற்றோர்தான் போகவேண்டும். நான்கு தடவைக்குள் பந்தைப் பத்து யார் முன்னே கொண்டுபோகாவிட்டால் அது மற்றப் பக்கத்துக்குப் போய்விடும். அந்தப் பத்து யாரைக் காட்டுவதற்கு இரண்டு கம்பம், நடுவே ஒரு சங்கிலி. கரையில் அதைப் பிடித்துக்கொண்டு பந்தோடு பந்தாக நகரவேண்டும். சந்தேகம் வந்தால் மட்டும் நடுவர் சங்கிலியை உள்ளே கூப்பிட்டு அளப்பார். பயிற்றுநர் ஆள் கேட்டு மின்னஞ்சல் அனுப்பி ஒரு நிமிடத்தில் நான் பதில் போட்டேன். கோட்டிலிருந்து இரண்டு மீற்றர் தூரத்தில் சட்டபூர்வமாக நிற்கலாம் என்றால் யார் விடுவார்கள்?

களஞ்சியத்துச் செம்மஞ்சள் மேலங்கியைப் போட்டுக்கொண்டு போனேன். முதுகில் 'பாதுகாப்பு' என்று ஜெர்மனில் பெரிய எழுத்து. அளவு எடுக்கும் வேலை எனக்குப் பிடித்துப்போனது. என் கம்பம் ஒரு விரலளவும் பிசகாது. மற்றக் கம்பத்தைப் பிடித்தவர் ஒரு பல்வைத்தியர், யாரோ ஒரு மாணவனின் தகப்பன். அவர் இடைக்கிடை கைத்தொலைபேசி பார்ப்பார். திங்கட்கிழமை வகுப்பில் பேசும் குரலில் அவரை இரண்டு தடவை எச்சரித்தேன்.

ஒரு சங்கடம், சங்கிலிக்காரர் நிற்பது எதிரணியின் பக்கம். அந்தப் பிள்ளைகள் ஓடிவந்து தண்ணீர் குடித்துவிட்டு மூச்சிரைக்க நிற்பார்கள். மனைவி பொரித்துக் கட்டித்தந்த உறைப்பு ரோல்ஸ் பெட்டி என் காலடியில் இருக்கும். தனியே எப்படிச் சாப்பிடுவது? நீட்டினேன். அடுத்த ஆட்டத்துக்கு நாற்பது ரோல்ஸ் போட்டோம்.

"அப்பா, எங்களை அடிக்கிறவங்களுக்கு நீங்கள் சாப்பாடு குடுக்கிறீங்கள்" என்றான் மகன்.

"வயிறு நிறைஞ்சால் மெதுவா அடிப்பாங்கள்."

அது ஓரளவுக்கு உண்மைதான் என்று இப்போதும் நம்புகிறேன். ஆனாலும் அணி தோற்றுக்கொண்டே வந்தது. கடைசி ஆட்டத்திலும் தோற்றால் கீழ்ப்பிரிவுக்கு இறங்கவேண்டும். அந்த வாரம் மகன் மேசையில் இரண்டு தடவைதான் சோறு வாங்கினான். "இந்த மட்சில உயிரைக் குடுக்கவேணும்" என்று தொலைபேசியில் யாருக்கோ சொன்னது என் காதில் விழுந்தது.

உயிரைக் கொடுப்பானாம்.

இருபது வருடத்துக்கு முன் எங்கள் வதிவிட அனுமதிக்கான நேர்முகத்துக்குப் போவதற்கு முதல்நாள், மனைவி மஞ்சள் தோய்த்த துணியில் ஒரு காசை முடிந்து சாமித்தட்டில் வைத்து நேர்த்தி வைத்தாள். கணிதம் படித்தவன் நான், சிரித்தேன். அந்தச் சிரிப்பை அவள் மறக்கவில்லை. ஆகவே கடைசி ஆட்டத்தன்று காலை, அவள் வேலைக்குப் போனபிறகு, கதவைப் பூட்டிவிட்டு இந்தக் காரியத்தைச் செய்தேன். ஒரு வெள்ளைக் கைக்குட்டை, அரைப் போத்தல் மஞ்சள்தூள். எவ்வளவு போடுவது என்று தெரியாது. கை கழுவும் தொட்டி, குழாய், என் இரண்டு உள்ளங்கை, எல்லாம் மஞ்சள். ஐந்து பிராங்க் காசைத் தேர்ந்தெடுத்தேன். இருப்பதிலேயே பாரமானது அதுதான். சாமி காரியத்தில் கஞ்சத்தனம் கூடாது. தலைமயிர் காய வைக்கும் கருவியால் துணியை உலர்த்திக்கொண்டிருக்கும்போது வாசலில் திறப்புச் சத்தம். பாதி வேலை நாள் என்பதை மறந்துவிட்டேன்.

மனைவி தொட்டியைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள்.

"அண்டைக்குச் சிரிச்ச வாய் எங்க?"

"இதுக்குள்ள காசு முடிஞ்சுபோட்டன். இனி என்ன சொல்லவேணும்?"

"என்ன கேட்டு முடிஞ்சனீங்கள்?"

"அவன்ர எலும்பு முறியக்கூடாது. என்ர கால் கோட்டைத் தாண்டக்கூடாது."

"ஒரு முடிச்சுக்கு ஒண்டுதானப்பா கேக்கிறது. ரெண்டு கேட்டால் எது நடக்குமெண்டு ஆருக்குத் தெரியும்? சரி, சாமித்தட்டில வையுங்கோ. காவிக்கொண்டு திரியாதேங்கோ."

தலையாட்டினேன். பிறகு யோசித்தேன்: சாமித்தட்டு டீட்டிகோனில் இருக்கிறது, எலும்பு மைதானத்தில் இருக்கிறது. துணியைச் சுருட்டி மேலங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

இதை வாசிக்கிறவர்கள் இப்போதே ஊகித்திருப்பீர்கள். நான் ஊகிக்கவில்லை. ஒரு பருவம் முழுக்க நுனியில் பாரம் கட்டிய மஞ்சள் துணிகள் என் கண்முன்னே பறந்தும் எனக்கு உறைக்கவில்லை.

அன்று எதிரணியின் முன்வரிசையில் மகனுக்கு நேரே நின்றவன் செந்தாடிக்காரன். ஆட்டத்துக்கு முன்பே வந்து மூன்று ரோல்ஸ் சாப்பிட்டு, ஒரு போத்தல் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து, கண்ணீரோடு கைகுலுக்கிவிட்டுப் போனான். பிறகு இரண்டு மணி நேரம் என் பிள்ளையை மாடு மாதிரி முட்டினான்.

கடைசி நிமிடங்கள். நாங்கள் நான்கு புள்ளி பின்னால். பந்து எதிரணியின் எல்லைக்குப் பக்கத்தில், எனக்கு நேர் எதிரே. இடக்கையில் கம்பம், வலக்கையைப் பைக்குள் விட்டு முடிச்சைப் பிடித்துக்கொண்டேன். விசில் ஊதியது, இரண்டு வரிசையும் மோதின. மகனும் செந்தாடியும் கட்டிப்பிடித்தபடி சாய்ந்தார்கள். அவர்கள்மேல் நாலைந்து பேர். அந்தச் சத்தம் வெற்றுப் போத்தல் போடும் தொட்டிக்குள் பெட்டியோடு போத்தலைக் கவிழ்த்தது போல இருந்தது. இன்றைக்கும் தெருமுனைத் தொட்டியில் யாராவது போத்தல் போட்டால் நான் சுவரைப் பிடித்துக்கொள்கிறேன்.

என் உடம்பு புறப்பட்டுவிட்டது. ஆனால் சப்பாத்து நுனி வெள்ளைக் கோட்டைக் கண்டு நின்றது. உண்மையாகவே நின்றது. ஓடாமற்போன ஓட்டமெல்லாம் மேலே ஏறிக் கைக்குள் வந்தது. கை வீசியது. ஐந்து பிராங்க் பாரத்தில் துணி அழகாக ஒரு வளைவு போட்டுப் பறந்து, மைதானத்துக்குள் விழுந்தது.

அதே நேரம் பந்தை வைத்திருந்தவன் குவியலைச் சுற்றி ஓடி எல்லையைத் தாண்டிவிட்டான். ஆறு புள்ளி. எங்கள் பக்கம் துள்ளிக் குதித்தது. யாரோ கையை நீட்டி மஞ்சள் துணியைக் காட்டினார்கள். துள்ளியவர்கள் அப்படியே நின்றார்கள். ஒரு மைதானம் முழுக்க ஒரே நேரத்தில் பெருமூச்சு விடுவதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

நான்கு நடுவர்கள் ஒன்றாகக் கூடினார்கள். ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்த்தார்கள். ஒவ்வொருவரும் தங்கள் இடுப்பைத் தடவினார்கள். நான்கு துணியும் நான்கு இடுப்பிலும் இருந்தன. தலைமை நடுவர் தரையில் கிடந்த ஐந்தாவதை எடுத்தார், முடிச்சை அவிழ்த்தார், காசைப் பார்த்தார், மணந்தும் பார்த்தார். பிறகு ஈரக்கையைத் தன் கறுப்பு வெள்ளைச் சட்டையில் துடைத்தார். மஞ்சள் லேசில் போகாது என்று சொல்ல வாயெடுத்தேன். நேரம் சரியில்லை என்று விட்டுவிட்டேன்.

"இது யாருடையது?"

பேசாமல் நிற்கலாம். ஆனால் என் உள்ளங்கை சாட்சி சொல்லும். கையை உயர்த்தினேன்.

"இங்கே வாருங்கள்."

"அளக்கவா, தனிப்பட்ட விடயமா?" என்று கோட்டுக்கு இப்பால் நின்று கேட்டேன்.

"என்ன?"

"அளக்க என்றால் வரலாம். வேறு எதற்கும் இந்தக் கோட்டைத் தாண்டுவதில்லை என்று மகனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்."

"யார் உங்கள் மகன்?"

குவியலிலிருந்து எழும்பி, ஹெல்மெட்டைக் கழற்றி, அதால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்ற ஒருவனைக் காட்டினேன். முழுதாக நின்றான். கடவுளே, முழுதாக நின்றான்.

நான்கு நடுவர்களும் என்னிடம் நடந்து வந்தார்கள். நேர்த்திக்கடன் என்பதற்கு ஜெர்மனில் சொல் எனக்குத் தெரியவில்லை. "இது ஒருவகைக் காப்புறுதி" என்றேன். சுவிஸ்காரருக்கு அது உடனே விளங்கியது. "எந்த நிறுவனத்தில்?" என்று ஒருவர் கேட்டார். "திரிம்பாக்கில் இருக்கும் எங்கள் கோயிலில்" என்றேன். அவர்கள் தலையாட்டினார்கள்.

எதிரணிப் பயிற்றுநர் ஓடிவந்தார். மஞ்சள் துணியைக் கண்டுதான் தன் ஆட்கள் தடுக்காமல் நின்றார்களாம், புள்ளி செல்லாதாம். தலைமை நடுவர் திரும்பி, அந்த இடத்தில் காவல் நின்ற செந்தாடியைப் பார்த்தார்.

"துணியைக் கண்டு நின்றாயா?"

செந்தாடி என்னைப் பார்த்தான். ரோல்ஸ் பெட்டியைப் பார்த்தான். "நான் எங்கே நின்றேன்? இவருடைய மகன் என்மேல் படுத்திருந்தான்" என்றான்.

புள்ளி செல்லும் என்று நடுவர் கை காட்டினார். துணியையும் காசையும் என்னிடம் தந்து, அடுத்த தடவை காப்புறுதியை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொன்னார். மனைவி சொன்ன அதே அறிவுரை. மிச்ச ஆட்டம் எப்படி முடிந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். வென்றோமாம். நான் மகனின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் எல்லோரையும் இடக்கையால் கட்டிப்பிடித்தான்.

வலது பெருவிரலில் சிறு வெடிப்பு என்று அவசர சிகிச்சையில் படம் எடுத்துச் சொன்னார்கள். எனக்குத் தலை சுற்ற, தாதி முதலில் என்னைத்தான் கட்டிலில் கிடத்தினார். மகன் கதிரையில் இருந்தான். செய்தி கேட்டு வந்த மனைவி விரலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"கோட்டைத் தாண்டினீங்களோ?"

"இல்லை."

"ஒண்டு நடந்திருக்கு, ஒண்டு நடக்கேல்லை. நான் அப்பவே சொன்னனான்."

இனி ஆட்டத்துக்கு வரலாமோ என்று மகனிடம் நான் கேட்கவும் துணியவில்லை. கால்தான் தாண்டவில்லை, துணி தாண்டியதே. மேலங்கியைத் துவைத்து மடித்து அலுமாரிக்குள் வைத்தேன், இனித் தேவைப்படாது என்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேர்த்தியைச் செலுத்தத் திரிம்பாக் கோயிலுக்குப் புறப்பட்டோம். கூப்பிடாமலே மகனும் வந்து காரில் ஏறினான். உண்டியலுக்கு முன்னால் நின்று, கட்டுப் போட்ட கையை நீட்டினான்.

"தாங்கோ, நான் போடுறன்."

"பாதிதானே பலிச்சது. முழுக்காசையும் போடவேணுமோ எண்டு யோசிக்கிறன்."

"போடத்தான் வேணும். நான் வீடியோவில பாத்தனான். ஒரு சென்ரிமீற்றர் கூடத் தாண்டேல்லை நீங்கள்." காசை உண்டியலுக்குள் விட்டான். அது விழுந்த சத்தத்துக்கு நான் திடுக்கிட்டேன். "அடுத்த வருசம் மட்ச் திரும்பத் தொடங்கேக்க சங்கிலிக்கு வரச்சொல்லி கோச் கேட்டவர். பொக்கெற்றைச் செக் பண்ணித்தான் விடுவாராம்."

"அப்ப வரலாமோ?"

"வாங்கோ. ஆனால் வேற முடிச்சு வேணும்."

"உன்ர விரலுக்குத்தானே? ஒரு முடிச்சுக்கு ஒண்டுதான், எனக்கு இப்பத் தெரியும்."

"என்ர விரலை டொக்டர் பாப்பார்." வெறும் துணியை நான்காக மடித்து என் உள்ளங்கையில் வைத்தான். அதில் இன்னும் மஞ்சள் போகவில்லை. "உங்கட கால் சரியாயிட்டுதப்பா. இனி உந்தக் கைக்கு ஒண்டு முடியுங்கோ."